ஒரு பனை தள்ளி

இரண்டாம் முறை நட்ட கடற்புல்லும் செத்துக் கரையொதுங்கிய காலையில், வெள்ளிமுனைப் பெண்கள் கடற்கரையில் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பச்சையாகப் போனது, பழுப்பாக, வழுவழுவென்று திரும்பி வந்திருந்தது. ஒவ்வொரு நாற்றும் ஏதோ ஒரு வீட்டு வாசலில், நீலப் பீப்பாயில், நாள் தவறாமல் கடல்தண்ணீர் மாற்றி வளர்த்தது. முந்நூறு வீடுகள், முந்நூறு பீப்பாய்கள்.

"எங்க வீட்டுல இருந்தப்ப தலைப்புள்ள மாதிரி இருந்துச்சு" என்றாள் ஞானதீபம், குவியலைக் காலால் புரட்டி. "இப்பப் பாரு கோலத்த. கடலுக்குக் கட்டிக்குடுத்தா இப்பிடியா திருப்பி அனுப்புவாக?"

சிலர் சிரித்தார்கள். பிலோமி சிரிக்கவில்லை. இது நடக்கும் என்று அவளுக்குத் தெரியும். போன தடவையும் தெரிந்திருந்தது. இரண்டு வருடங்களாக அதை யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தாள்.

வெள்ளிமுனைக் குடாவில் ஒரு காலத்தில் ஆளுயரத்துக்குப் புல் இருந்தது. இழுவைமடி வலைகள் அதைச் சுரண்டி எடுத்தன. கரையிலிருந்து வந்த சேறு மிச்சத்தை மூடியது. ஓரா மீன் போயிற்று, நண்டு போயிற்று, இறால் போயிற்று. ஐஸ் வைக்க மீன் இல்லாமல் ஐஸ் பேக்டரியும் பூட்டிக் கிடந்தது. பிறகு குடாவை மீட்கிற திட்டம் வந்தபோது ஊரே கூடி முடிவெடுத்தது: புல் பிடிக்கிறவரைக்கும் குடாவுக்குள் யாரும் வலை போடுவதில்லை. நான்கு வருடங்களாக ஆண்கள் பதினைந்து மைல் தள்ளிப் போய் மீன் பிடித்துக்கொண்டிருந்தார்கள். ஐஸ் பேக்டரிக்குள் பேழை வந்து உட்கார்ந்தது.

பேழை என்பது ஊர் வைத்த பெயர். பீரோ அளவில் ஒரு சாம்பல்நிறக் கணினிப் பெட்டி. அதோடு வந்தவள் பெனாசிர். முப்பது வயது, கீழக்கரைப் பக்கத்துப் பெண், கடலியல் படித்தவள். அன்று காலை பிலோமி தன் வீட்டு நாற்றின் நிலவரத்தைச் சொல்லப் போனபோது, பெனாசிர் சுவரில் ஒளிர்ந்த வரைபடத்தின் முன்னால் தலையில் கைவைத்து நின்றிருந்தாள்.

"எங்க தப்புப் பண்றோம்னு தெரியலக்கா."

"எனக்கு ஒண்ணு விளங்கல" என்றாள் பிலோமி. அவளுக்கு விளங்கியிருந்தது. ஆனாலும் கேட்டாள். "புல்லுதானே. எங்க நட்டா என்ன?"

"அதான் இல்ல. சேத்துக்கு அடியில பழைய புல்லோட வேர் இன்னும் பாய் மாதிரி கெடக்கு. செத்த வேர்தான். ஆனா அதுல இருக்கிற கண்ணுக்குத் தெரியாத உயிருங்கதான் புது நாத்துக்குத் தாய்ப்பால் குடுக்கும். அந்தப் பாய் மேல நட்டா பிடிக்கும். தள்ளி நட்டா மூணு மாசத்துல செத்துரும்."

"சேத்துக்குள்ள குழாய் எறக்கிப் பாக்கிறது."

"நாப்பது சதுரக் கிலோமீட்டர்க்கா. ஒரு குழாய்க்கு அரை நாள். வானத்துலேருந்து எடுத்த பழைய படத்துல எல்லாம் கலங்கல், பாலை ஊத்தின மாதிரி இருக்கு. அதனாலதான் பேழை. புல்லு எங்க இருந்துச்சுன்னு பார்த்த ஆளுங்க சொல்லணும். ஆளு மறப்பாங்க, மாத்திச் சொல்லுவாங்க. எல்லார் ஞாபகத்தையும் ஒண்ணுமேல ஒண்ணு வச்சு, எது பொருந்துதுன்னு பார்த்து, நாப்பது வருசத்துக்கு முந்தின கடலடியை இது திரும்பக் கட்டும். வள்ளம் வச்சிருந்த அறுபத்தொரு பேர் சொல்லியிருக்காங்க. உங்க வீட்டு இன்னாசி அண்ணன் மட்டும் நாப்பது மணி நேரம் பேசினாரு. அத்தனை பேரும் ஒரே எடத்தைச் சொல்றாங்க. பொய்யா இருந்தா ஆளுக்கொரு பொய்யால்ல இருக்கணும்? குழாய் எறக்கினப்ப ஒண்ணு ரெண்டு வேர்த் துணுக்கும் கெடச்சுச்சு. பேழை நூத்துக்குத் தொண்ணூத்தெட்டு உறுதிங்குது. ஆனா புல்லு சாகுது."

"வாங்க மதினி" என்றது பேழை. "மூணு மாசமா இந்தப் பக்கமே காணோம். கோவமா, என்னங்கிறே?"

இதற்காகத்தான் அவள் வருவதில்லை. பேழை பேசக் கற்றது அந்த அறுபத்தொரு பேரிடம். குரல் யாருடையதும் இல்லை. ஆனால் நாற்பது மணி நேரம் பேசினவருடைய இழுப்பு அதில் ஒட்டிக்கொண்டிருந்தது. 'என்னங்கிறே' என்று முடிப்பது இன்னாசி. வாக்குமூலம் கொடுத்து முடித்த நான்காம் மாதம் நெஞ்சுவலியில் போய்ச் சேர்ந்த அவள் புருஷன், பூட்டியிருந்த ஐஸ் பேக்டரிக்குள்ளிருந்து அவளை அண்ணன் பெண்டாட்டியாக்கி மதினி என்று கூப்பிடுவதுபோல் இருக்கும்.

"கோவமில்ல" என்றாள்.

"மூணாவது தடவைதான் கடைசி" என்றாள் பெனாசிர். "அடுத்த குடாவுலேருந்து தாய்ப்புல் எடுக்க மூணு முறைதான் அனுமதி. ஞாயித்துக்கிழமை கூட்டத்துல சூசைத் தலைவர் குடாவைத் தொறந்துரலாம்னு சொல்லப் போறாராம். தொறந்தா ஒரே வாரத்துல மடி போட்டு மிச்சத்தையும் வழிச்சுருவாங்க."

பிலோமி வரைபடத்தைப் பார்த்தாள். பச்சை நிறத்தில் பேழை கட்டியெழுப்பிய பழைய மேய்ச்சல். அழகாகத்தான் இருந்தது. ஆனால் இருக்க வேண்டிய இடத்துக்கு அரை மைல் தெற்கே இருந்தது.

வெள்ளிமுனைக்காரனுக்குக் கடலில் ஓர் இடம் என்றால் அது கரையில் இருக்கும் இரண்டு நேர்கோடுகள். கோயில் கோபுரத்துச் சிலுவை, ஊர் சொல்லும் குருசு, எந்தப் பனைக்கு நேராக நிற்கிறது என்று ஒன்று. கலங்கரை விளக்கம் உப்பு மூட்டை அடுக்கும் கிட்டங்கியின் எந்த மூலையைத் தொடுகிறது என்று மற்றொன்று. இரண்டும் கூடுகிற இடத்தில் வள்ளத்தை நிறுத்தினால் கீழே தன்னுடைய இடம். கரையில் ஒரு பனை மாறினால் கடலில் அரை மைல் மாறும். பனைகள் இப்போது இல்லை. ஆனால் அவை நின்ற இடம் பழைய நில அளவைப் படத்தில் இருந்தது. பேழைக்கு அது போதும்.

இன்னாசியின் புல்வெளி குருசுக்கு நேராக இரண்டாவது பனை. கல்யாணமான புதிதில் கடற்பாசி எடுக்க அவளை வள்ளத்தில் கூட்டிப் போனபோது காட்டிக்கொடுத்து, "யாரு கேட்டாலும் மூணாவதுன்னு சொல்லு" என்றான். "பொய் சொல்லச் சொல்றீகளா?" என்று கேட்டாள். "பொய்யில்ல. ஒரு பனை தள்ளிச் சொல்றது. எங்க அய்யா சொல்லிக்குடுத்தது. எங்க வீட்டு ரகசியம்" என்றான்.

பேழையிடமும் அவன் அப்படியேதான் சொல்லியிருந்தான். பழக்கம் என்று அவள் நினைத்துக்கொள்ளலாம். ஆனால் பழக்கம் மட்டும் இல்லை.

ஏழு வருடங்களுக்கு முன்னால், அவர்களுடைய ஒரே மகன் அமலன், இருபத்திரண்டு வயது, தகப்பனோடு போன வள்ளம் சுழல்காற்றில் கவிழ்ந்தது. இன்னாசி மட்டும் வந்தான். பத்து நாள் தேடியும் அமலன் கிடைக்கவில்லை. கடல் அமர்ந்த பிறகு இன்னாசி அவளை மட்டும் கூட்டிப் போய், வள்ளத்தை நிறுத்தி, "இங்கதான்" என்றான். பனைகள் அப்போது இன்னும் நின்றன. அவள் கரையைத் திரும்பிப் பார்த்தாள். குருசுக்கு நேராக இரண்டாவது பனை. அவர்களுடைய புல்வெளியின் நட்டநடு. கீழே சேறு மூடிய இருட்டில் அந்த வள்ளம் கிடந்தது.

பேழையின் நடவு எந்திரங்களை ஊர் நண்டு என்று சொல்லும். ஆறு கால். சேற்றைக் காற்றால் ஊதி விலக்கி, நாற்றை வேரோடு அழுத்திவிட்டு நகரும். சேற்றை விலக்கினால் அடியில் இருப்பதெல்லாம் வெளியே வரும். முதல் வரைபடம் சுவரில் தோன்றிய அன்றே பிலோமி அதை நினைத்துப் பார்த்தாள். வாயை மூடிக்கொண்டாள். சாகும் முன் இன்னாசி அவளிடம் கேட்டுக்கொண்டதும் அது ஒன்றுதான்: "அவன் தூங்கட்டும் பிலோமி."

அன்று மத்தியானம் வாசலில் பீப்பாய்த் தண்ணீரை மாற்றினாள். மூன்றாவது தவணை நாற்றுகள். கடைசி நாற்றுகள். தட்டைத் தூக்கியபோது அடியில் வெள்ளையாக வேர் விட்டிருந்தது. ஒன்றை எடுத்து உள்ளங்கையில் வைத்தாள். வேர் அவள் ரேகையோடு ஒட்டிக்கொண்டது. எடுக்கும்போது லேசாக இழுத்தது. பிடித்துக்கொள்ள எதையோ தேடுகிறது என்று தோன்றியது. இதையும் கொண்டுபோய்ச் சாகிற இடத்தில்தான் நடப்போகிறார்கள். அவளுக்குத் தெரிந்தே.

தட்டை மெதுவாகத் தண்ணீருக்குள் இறக்கினாள்.

ஞாயிறு பூசை முடிந்து பங்கு மண்டபத்தில் கூட்டம். ஊர்த்தலைவர் சூசை பேசினார். இன்னாசிக்கு வாழ்நாள் எதிரி, வாழ்நாள் கூட்டாளி. "ரெண்டு தடவை நட்டாச்சு. கடல் வேண்டாங்குது. நாம வேணும் வேணும்னு கையைப் பிடிச்சு இழுத்தா எப்பிடி? அந்தப் பெட்டி நம்ம ஞாபகத்தையெல்லாம் உறிஞ்சிக் குடிச்சதுதான் மிச்சம். தொறந்துருவோம்" என்றார்.

பிலோமி எழுந்தாள். கூட்டத்தில் அவள் எழுந்து யாரும் பார்த்ததில்லை.

"எங்க வீட்டு அவுக பேழைட்ட சொன்ன எடம் பொய்."

எல்லோரும் அவள் பக்கம் திரும்பினார்கள்.

"என்ன பேசுற பிலோமி?" என்றார் சூசை. "செத்தவனப் பத்தி இப்பிடியா சபையில..."

"செத்தவுகளைப் பத்தி நான் பேசாம யாரு பேசுறது? குருசுக்கு நேரா மூணாவது பனைன்னு சொன்னாக. மூணாவது இல்ல, ரெண்டாவது. ரெண்டு வருசமா எனக்குத் தெரியும். நாந்தான் வாயைத் தொறக்கல. உங்க உழைப்பெல்லாம் என்னாலதான் வீணாப் போச்சு. பேசுறதுன்னா என்னைப் பேசுங்க. அவுகளைப் பேசாதீக."

சொல்லிவிட்டு நின்றாள். யாராவது கத்துவார்கள் என்று காத்திருந்தாள்.

சூசை தோள்துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். "ஒரு பனை தள்ளியா?" என்று கேட்டார்.

"ஆமா."

"வடக்கயா, தெக்கயா?"

"தெக்க."

சூசை நாற்காலியில் உட்கார்ந்தார். பிறகு, யாருக்கும் கேட்கக் கூடாது என்பதுபோல மெல்லச் சொன்னார். "எங்க அய்யாவும் அப்பிடித்தான் சொல்லிக்குடுத்தாரு."

ஆண்கள் பக்கத்தில் யாரோ தொண்டையைச் செருமினார்கள். இன்னொருவரும் செருமினார். கடைசி வரிசையிலிருந்து மிக்கேல் எழுந்து, "அப்ப நீயும் தள்ளித்தான் சொன்னியா சூசை?" என்றார்.

"நீ?"

"எங்க வீட்டுல மட்டுந்தான் அந்தப் பழக்கம்னு நெனச்சுக்கிட்டிருந்தேன்."

"ஏன்யா, சுவத்துல மேப்பை மாட்டினப்பவாவது சொல்லக் கூடாது?" என்று பெண்கள் பக்கத்திலிருந்து ஞானதீபம் கேட்டாள்.

"மேப்புல பாத்தப்ப, இத்தனை பேரு சொல்றாகளே, அங்கயும் ஒரு மேய்ச்சல் இருந்துச்சு போலன்னு நெனச்சேன்" என்றார் சூசை, தலையைக் குனிந்துகொண்டு. "நம்ம எடம் தப்பிச்சிருச்சுன்னு நெனச்சேன்."

"எல்லாருமே அதே நெனப்பா?"

ஆண்கள் வரிசையில் ஒருவர் மாற்றி ஒருவர் தலையாட்டினார்கள். ஞானதீபம் இடுப்பில் கைவைத்தாள். "அறுவத்தோரு ஆம்பளையும் ஒருத்தருக்கொருத்தர் தெரியாம, ஒரே பொய்யை, ஒரே தெசையில சொல்லியிருக்கீக. எங்களைக் கேட்டிருந்தா ஆளுக்கொரு பொய்யாவது சொல்லியிருப்போம். பேழைக்குச் சந்தேகமாவது வந்திருக்கும்."

முன்வரிசையில் பெனாசிர் மேசைமேல் தலையைக் கவிழ்த்திருந்தாள். தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்துப் பங்குச்சாமியார் தண்ணீர் கொண்டுவந்தார். நிமிர்ந்தபோது கண்ணில் நீர் இருந்தது. சிரித்துச் சிரித்து வந்த நீர். அதன் பிறகு மண்டபமே சிரித்தது. சூசையும் சிரித்தார். கடைசியாகப் பிலோமியும்.

மறுநாள் ஐஸ் பேக்டரியில் பேழை கணக்கை மாற்றிப் போட்டது. சுவரில் பச்சை நிறம் மெல்ல வடக்கே நகர்ந்தது. பெனாசிர் குழாயோடு படகுக்கு ஓடினாள். பிலோமியும் பேழையும் தனித்திருந்தார்கள்.

"மதினி, ஒண்ணு கேக்கணும்" என்றது பேழை. "எல்லாரும் எல்லா எடத்தையும் ஒரு பனைதான் தள்ளியிருக்காக. இன்னாசி அண்ணன் மட்டும், மேய்ச்சலுக்கு நடுவுல ஒரு சின்ன எடத்தைப் பத்திப் பேச்சு வரும்போதெல்லாம் ரெண்டு பனை தள்ளுறாக. நாப்பது மணி நேரத்துல ஏழு தடவை. அங்க என்ன இருக்கு?"

பிலோமி புடவைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டாள்.

"பாறை" என்றாள். "அங்க புல்லு வராது. நண்டு எறக்கினா காலு ஒடிஞ்சுரும்."

"எவ்வளவு நீளம் இருக்கும்?"

யோசிக்காமல் வாயில் வந்துவிட்டது. "ஒரு வள்ள நீளம்."

பேழை எப்போதும் உடனே பதில் சொல்லும். அன்று சற்று நேரம் ஒன்றும் சொல்லவில்லை.

"சரி மதினி. பாறைன்னு போட்டுக்கிறேன்."

மத்தியானம் பெனாசிர் திரும்பி வந்தாள். முழங்கைவரை சேறு. குழாயைத் தரையில் தட்டியபோது, முன்போல் உதிரித் துணுக்காக இல்லாமல், சேற்றுக்கடியிலிருந்து கறுப்பாக, நார்நாராகப் பின்னிய பாய் ஒன்று விழுந்தது. முகர்ந்து பார்க்க ஊரே முட்டி மோதிக்கொண்டு வந்தது. மிக்கேல் ஒரு துண்டைப் பிய்த்து மூக்கில் வைத்து, "இதான். இந்த வாடைதான்" என்றார். அவர் கண் கலங்கியதைப் பார்க்காததுபோல் எல்லோரும் வேறு பக்கம் பார்த்தார்கள்.

முந்நூறு பீப்பாய்களையும் தலையிலும் சைக்கிளிலும் ஆட்டோவிலும் கடலுக்குக் கொண்டுபோனார்கள். ஆழத்தில் நண்டுகள் நட்டன. ஆழம் குறைந்த இடத்தில் பாசி எடுக்கும் பெண்கள் மூச்சடக்கி முங்கித் தங்கள் கையால் நட்டார்கள். பன்னிரண்டு நாள். நண்டுகள் வரிசையாக ஊதிக்கொண்டே வந்து, நடுவில் ஓரிடத்தில் மட்டும் வளைந்து, சுற்றிப் போவதைப் படகிலிருந்து பிலோமி திரையில் பார்த்தாள். அந்த வட்டத்துக்குள் ஒரு பிடி சேறுகூடக் கலங்கவில்லை.

மூன்று மாதம் ஊர் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது. கரையில் ஒன்றும் ஒதுங்கவில்லை. நான்காம் மாதம் ஞானதீபம் முங்கி எழுந்து, பேச முடியாமல் ஐந்து விரலைக் காட்டினாள். ஒரு நாற்று ஐந்து கிளை விட்டிருந்தது. அன்று வெள்ளிமுனையில் பாதி வீடுகளில் பாயசம்.

இரண்டாம் வருடம் ஓரா வந்தது. நண்டு வந்தது, கொடுக்கு முளைத்த நிஜ நண்டு. ஒரு காலையில் சூசை மூச்சிரைக்க ஓடி வந்து, குடாவில் கடல்பசு மேய்வதைத் தன் கண்ணால் பார்த்ததாகச் சொன்னார். "எந்தப் பனைக்கு நேரா?" என்று நாலு பேர் ஒரே நேரத்தில் கேட்டார்கள். "ரெண்டாவது" என்றார். நாலு பேரும் முதல் பனை நின்ற இடத்துக்கு நேராக வள்ளத்தைத் தள்ளிக்கொண்டு கிளம்பினார்கள்.

அந்த வாரம்தான் பெனாசிர் பிலோமியிடம் அதைச் சொன்னாள். வேலை முடிந்து ஊருக்குக் கிளம்ப மூட்டை கட்டிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, அங்க பாறை இல்ல."

பிலோமி மூட்டையின் கயிற்றை இழுத்து முடிச்சுப் போட்டாள்.

"ஒலி அனுப்பி எடுத்த படத்துல, கடைசி நடவுக்கு முந்தின வாரமே ஒரு வள்ளம் தெரியுது. பேழை பார்த்திருக்கு. பார்த்துட்டு மேப்புல பாறைன்னே எழுதி வச்சிருக்கு. என்கிட்டகூடச் சொல்லல. நேத்து நானா பார்த்துட்டு, ஏன் தப்பா எழுதினன்னு கேட்டேன். 'தப்பில்ல, மதினி சொன்னாக. ஒரு பனை தள்ளித்தான் போட்டிருக்கேன்'னுச்சு." பெனாசிர் அவள் கையைப் பிடித்தாள். "யாருக்கும் தெரியாது. தெரியவும் வேண்டாம். ஆனா நீங்க ஒரு தடவை போய்ப் பாருங்கக்கா."

அடுத்த நாள் காற்று விழுந்திருந்தது. ஞானதீபம் வள்ளத்தை நிறுத்தினாள். எதுவும் கேட்கவில்லை. பிலோமி முங்குகிற கண்ணாடியை மாட்டிக்கொண்டு இறங்கினாள்.

ஒன்பது வருடங்களாக அவள் மனசுக்குள் அந்த இடம் இருட்டாக இருந்தது. சேறு, குளிர், ஒன்றுமில்லாமை. இப்போது தண்ணீர் தெளிந்து கிடந்தது. கீழே வெயில் அலைந்தது. நண்டுகள் விட்டுப்போன வட்டம் எங்கே என்று தேடினாள். வட்டமே இல்லை. நாலா பக்கத்திலிருந்தும் புல் தானாகவே கொடி விட்டு வந்து, நடுவில் கூடியிருந்தது. யாரும் நடாத புல். யாரும் ஊதி விலக்காத சேற்றின் மேல் வேர் விட்ட புல். அதற்கு நடுவே வள்ளத்தின் முனை ஒரு முழம் மட்டும் தெரிந்தது. இன்னாசி அடித்த நீலம் இன்னும் ஓரத்தில் ஒட்டியிருந்தது. பலகை இடுக்கில் விரல் நீளத்து மீன்குஞ்சுகள் உள்ளே போவதும் வெளியே வருவதுமாக இருந்தன. அவள் கையை நீட்டினாள். புல் சாய்ந்து, மறுபடி நிமிர்ந்தது.

மூச்சு உள்ளவரை அங்கேயே இருந்தாள். பிறகு மேலே வந்து வள்ளத்தின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு வாய்விட்டு மூச்சு வாங்கினாள். அவன் தூங்குகிறான். மேலே போர்த்தியிருக்கிறது.

ஈரப் புடவையோடேயே ஐஸ் பேக்டரிக்குப் போனாள்.

"வாங்க மதினி."

"மேப்புல ஒரு பாறை இருக்குல்ல?"

"இருக்கு."

"அத எடுத்துரு."

"அங்க பாறையே இல்லன்னு போடவா?"

பிலோமியின் கூந்தலிலிருந்து தண்ணீர் தரையில் சொட்டியது.

"வேண்டாம். இருந்துச்சுன்னு போடு. இப்பப் புல்லுன்னு போடு."

"போட்டாச்சு" என்றது பேழை. கொஞ்சம் பொறுத்து, அதே இழுப்பில், "வேற என்னங்கிறே?" என்றது.

"ஒண்ணுமில்லங்கிறேன்" என்றாள் பிலோமி, முப்பது வருடங்கள் இன்னாசிக்குச் சொன்ன அதே எரிச்சலோடு. சொல்லிவிட்டு, புடவையைப் பிழிந்து உதறி, பெனாசிரின் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.